பெட்டிக்குள் 480 மணி, வெளியே எத்தனை வருஷம்?

“சார், 480 மணி நேரம் பாஸ் ஆயிருக்கு. அப்படின்னா எத்தனை வருஷம் தாங்கும்?”

வாகன பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். கையில் சால்ட் ஸ்ப்ரே சோதனையின் லேப் ரிப்போர்ட் இருக்கிறது. அவருடைய மேலாளர் விலை ஒப்பீட்டுத் தாளில் ‘ஆயுள்’ என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். மாலைக்குள் அதில் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். ‘24 மணிக்கு ஒரு வருஷம்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 480-ஐ 24-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 20 வருகிறது. இவ்வளவு சுத்தமாக வகுபடும் கணக்கைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

முலாம் பூசிய போல்ட்டும் பவுடர் கோட்டிங் அடித்த பிராக்கெட்டும் புழங்கும் இடமெல்லாம் சில நம்பிக்கைகளும் சேர்ந்தே புழங்குகின்றன. அந்தத் தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: சால்ட் ஸ்ப்ரேயில் 24 மணி என்பது வெளியே ஒரு வருஷம்

உண்மை: அப்படி ஒரு மாற்று விகிதம் கிடையாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, அந்தச் சோதனைக்கான தரக்குறிப்புகளே சொல்கின்றன. சால்ட் ஸ்ப்ரேயில் ஒரு பூச்சு காட்டும் எதிர்ப்புக்கும் வேறு சூழலில் அது காட்டும் எதிர்ப்புக்கும் நேரடித் தொடர்பு அபூர்வம் என்று ஐ.எஸ்.ஓ. 9227 முன்னுரையிலேயே எச்சரிக்கிறது. அமெரிக்கத் தரக்குறிப்பான ஏ.எஸ்.டி.எம். பி117-இலும் இதே எச்சரிக்கை உண்டு. ரிப்போர்ட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், தரக்குறிப்பைத் திறந்து பார்ப்பவர்தான் குறைவு.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். 5 சதவீத உப்புக் கரைசலை அழுத்தக் காற்றால் பனிபோல ஆக்கி, 35 டிகிரி செல்சியஸில், நிறுத்தாமல் தெளிக்கிறார்கள். இரவு பகல் கிடையாது. வெயில் இல்லை, மழை கழுவிவிடுவதும் இல்லை. முக்கியமாக, பாகம் ஒரு நிமிஷம்கூடக் காய்வதில்லை. அப்படி ஓர் ஊர் பூமியில் எங்கும் இல்லை. இல்லாத ஊரில் 480 மணி நேரம் தாக்குப்பிடித்ததை வைத்து இருக்கும் ஊரில் எத்தனை வருஷம் என்று எப்படிச் சொல்வது?

காய்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குத் துத்தநாகத்தைப் பார்த்தால் போதும். வெளிக்காற்றில் துத்தநாகம் நனையும், காயும், மறுபடி நனையும். காயும் நேரத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே ஒரு கார்பனேட் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சாம்பல் நிறத்தில் மங்கிப்போன மின்கம்பத்தையோ உயர் அழுத்தக் கோபுரத்தையோ பார்த்திருப்பீர்கள். அந்த மங்கல்தான் அதன் சட்டை. சால்ட் ஸ்ப்ரே பெட்டியில் எப்போதும் ஈரம் என்பதால் அந்தச் சட்டை உருவாக வழியில்லை. துத்தநாகம் வெற்றுடம்போடு கரைகிறது. அதனால்தான் வெளியே பல பத்தாண்டுகள் நிற்கும் கால்வனைஸ்டு இரும்பு, பெட்டிக்குள் ஒரு சாதாரண பெயின்ட்டிடம் தோற்பதுபோலத் தெரிகிறது. ‘கால்வனைஸைவிட பெயின்ட் மேல்’ என்று அந்த எண்களை வைத்து முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, ஆயுளுக்கு ஏதாவது கணக்கு வேண்டாமா? உண்டு. அது பெட்டியிலிருந்து வருவதில்லை, இடத்திலிருந்து வருகிறது. காற்று மண்டலத்தின் அரிக்கும் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 சி1-இலிருந்து சிஎக்ஸ் வரை ஆறு வகையாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வகையிலும் முதல் வருஷத்தில் துத்தநாகம் எத்தனை மைக்ரான் தேயும் என்ற வரம்பு இருக்கிறது. நடுத்தரமான சி3-இல் 0.7 முதல் 2.1 மைக்ரான். கடுமையான சி5-இல் 4.2 முதல் 8.4. கடைசியான சிஎக்ஸில் 8.4 முதல் 25. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த இரும்புக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைஸ் பூச்சு சராசரி 85 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான தரம். முதல் வருஷத் தேய்மானத்தையே அப்படியே நீட்டி வகுத்துப் பாருங்கள். சி3-இன் கடுமையான ஓரத்தில்கூட 40 வருஷம் வருகிறது. சி5-இன் கடுமையான ஓரத்தில் 10 வருஷம், சிஎக்ஸின் கடைசி ஓரத்தில் மூன்றரை. பூச்சு ஒன்றுதான், ஊர்தான் வேறு. பெட்டியோ எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்ணைத் தருகிறது.

நம்பிக்கை: துருப்பிடிப்பதில் மயாமிக்கு அடுத்த இடம் பாம்பன்

உண்மை: பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதும் யாரும் இந்த வரியை விடுவதில்லை. ஆனால் துருவுக்கு ரேங்க் கார்டு கிடையாது. மேலே சொன்னதுபோல வகைகள்தான் உண்டு. அதிலும் ‘ஊர்’ என்பது மிகப் பெரிய அலகு. அமெரிக்காவின் வட கரோலினாவில் க்யூர் பீச் என்ற கடற்கரையில் 1930-களிலிருந்து உலோகத் தகடுகளை வெளியில் மாட்டி வைத்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். அங்கே அலை ஓரத்திலிருந்து 25 மீட்டரில் ஒரு திடல், 250 மீட்டரில் இன்னொன்று. ஒரே கடல், ஒரே காற்று. ஆனாலும் முன்வரிசைத் திடலில் இரும்பு பல மடங்கு வேகமாகத் தேய்கிறது. நாலு தெரு தள்ளினாலே கதை மாறும்போது ஊருக்கு ஊர் இடம் கொடுத்து என்ன செய்ய?

பாம்பன் கடுமையான இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. தூக்குப் பகுதியின் இரும்பு அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தற்செயலாக ஒரு பொருத்தம்: ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த ஜே.ஏ. கேப் உலோகப் பூச்சுகளை உப்புத் தூவலில் சோதிக்கலாம் என்று அமெரிக்காவில் யோசனை சொன்னதும் அதே 1914-இல்தான். அது 1939-இல் பி117 என்ற எண்ணோடு தரக்குறிப்பாயிற்று. பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். சோதனை இன்னும் வேலையில் இருக்கிறது.

நம் பக்கத்தில் துருவைப் பற்றி நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அங்கே கள நிலையம் உண்டு. தகடுகளைக் கடல் பார்த்த சட்டங்களில் மாட்டிவிட்டு மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் காத்திருக்கும் வேலை அது. 1948-இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம், கடலிலிருந்து தள்ளி இருக்கும் செட்டிநாட்டிலிருந்து கடலைத் தேடிப்போய்த் துருவைப் படிக்கிறது.

நம்பிக்கை: உப்பு கூடினால் துரு கூடும்

உண்மை: ஒரு கட்டம் வரைதான். கடல் நீரில் உப்பு சுமார் மூன்றரை சதவீதம். சாதாரண இரும்பு மிக வேகமாக அரிப்பதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். அதற்கு மேல் உப்பைக் கூட்டினால் வேகம் குறைகிறது, ஏனென்றால் உப்பு கூடக்கூட நீரில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் துரு இல்லை. ஆரம்ப காலத்தில் 20 சதவீதக் கரைசலைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 5-க்கு இறங்கினார்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2334 என்ற சுழற்சிச் சோதனையில் சாதா உப்பு அரை சதவீதம்தான். கூடவே கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும். ஆனால் அங்கே ஒவ்வொரு நாளும் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருகின்றன: 50 டிகிரியில் முழு ஈரப்பதம் 6 மணி நேரம், உப்பு வெறும் 15 நிமிஷம், மீதி 17 மணி 45 நிமிஷம் 60 டிகிரியில் காய்வது. நாளின் பெரும்பகுதி காய்வதற்கே போகிறது. கார் அடிப்பக்கத்தில் நடப்பதற்கு இது எவ்வளவோ நெருக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘உப்புதானே’ என்று சமையலறைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிய ஒரு லேபைப் பார்த்திருக்கிறேன். பொட்டல உப்பு கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அரிப்பைத் தடுக்கும் மருந்தாகவும் வேலை செய்யக்கூடும். அந்த வகை உப்பு கூடாது என்று தரக்குறிப்பு குறிப்பாகச் சொல்கிறது. அந்த லேபில் எல்லாமே பாஸ்.

நம்பிக்கை: எந்த லேபில் போட்டாலும் மணி மணிதான்

உண்மை: ஒரே ரேக்கில், ஒரே தொட்டியில் துத்தநாக முலாம் ஏறிய பாகங்களை இரண்டாகப் பிரித்து இரண்டு லேபுக்கு அனுப்பினேன். ஒன்றில் 96 மணி தாண்டியும் சுத்தம். மற்றதில் 72-இலேயே வெள்ளை பூத்துவிட்டது. முலாம்காரர் முதல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டார், வாடிக்கையாளர் இரண்டாவதை. நடுவில் நான்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. தரக்குறிப்பே கொஞ்சம் இடம் கொடுக்கிறது. பெட்டிக்குள் 80 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள புனலில் மணிக்கு 1 முதல் 2 மில்லிலிட்டர் கரைசல் சேர வேண்டும் என்பது விதி. 1-உம் சரி, 2-உம் சரி, அதாவது இரண்டு மடங்கு வித்தியாசம் வரை சட்டப்படி செல்லும். பாகத்தை எந்தச் சாய்வில் வைப்பது, மேலிருந்து சொட்டு விழுகிறதா, பார்ப்பதற்காக எத்தனை தடவை மூடியைத் திறக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எடை போட்ட வெற்று இரும்புத் தகட்டை 48 மணி நேரம் உள்ளே வைத்து, துருவை நீக்கி மறுபடி எடை போட வேண்டும். சதுர மீட்டருக்கு 70 கிராம் இழந்திருக்க வேண்டும், 20 கூடலாம் குறையலாம். 50 இழந்த பெட்டியும் 90 இழந்த பெட்டியும் ஒழுங்கான பெட்டிகளே. லேபைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மணி என்பதல்ல, கடைசியாக எப்போது தகடு போட்டீர்கள் என்பது. இதைக் கேட்டதும் காட்டும் முகத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

அப்படியானால் இந்தச் சோதனை வீணா? இல்லவே இல்லை. முலாம் பட்டறையில் தொட்டிகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறுகின்றன. எண்ணெய் நீக்கும் தொட்டி சோர்ந்துபோகும். முலாமின் மேல் பாதுகாப்புப் படலம் போடும் பாசிவேஷன் தொட்டியில் குழாய்ப் பாகங்களின் உட்புறத்திலிருந்து இரும்பு கரைந்து சேரும். கண்ணுக்குப் பாகம் பளபளப்பாகவே இருக்கும். அதே பெட்டியில், அதே சாய்வில், போன மாதம் 120 மணி காட்டிய பாகம் இந்த மாதம் 60 காட்டினால் தொட்டியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். நேற்றைய தொட்டியையும் இன்றைய தொட்டியையும் ஒப்பிட இதைவிட மலிவான கருவி இல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்து ஆயுள் ஜோசியம் பார்ப்பதுதான் தப்பு.

நம்பிக்கை: வெள்ளை பூத்தால் பாகம் போச்சு

உண்மை: வெள்ளைப் பொடி துத்தநாகத்தின் துரு. சிவப்பு, அடியிலுள்ள இரும்பின் துரு. முதலாவது, மேலேயுள்ள பாசிவேஷன் படலம் முடிந்து துத்தநாகம் வேலையைத் தொடங்கிவிட்டது என்கிறது. இரண்டாவது, துத்தநாகமும் தீர்ந்துவிட்டது என்கிறது. அதனால்தான் டிராயிங்கில் இரண்டுக்கும் தனித்தனி மணி போடுவது வழக்கம். ‘துரு இல்லாமல் 96 மணி’ என்று மொட்டையாக எழுதினால் எந்தத் துரு என்று பிற்பாடு சண்டைதான் வரும்.

நம்பிக்கை: மஞ்சள் பாசிவேஷன்தான் உறுதி

உண்மை: ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. வானவில் கலந்த அந்த மஞ்சள், ஆறு இணைதிறன் குரோமியத்தின் நிறம். கீறல் விழுந்தால் பக்கத்திலிருந்து குரோமேட் கசிந்து வந்து ஓரளவு தானே மூடிக்கொள்ளும் நல்ல குணம் அதற்கு உண்டு. ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் வாகனங்களில் அரிப்புத் தடுப்புப் பூச்சுகளுக்கு அதை 2007 ஜூலையோடு நிறுத்தியது. அதன் பிறகு மூன்று இணைதிறன் குரோமியம் வந்தது. அதன் இயல்பான நிறம் வெளிர் நீலம். தடித்த படலமாகப் போட்டு மேலே சீலர் கொடுத்தால் பழைய மஞ்சளுக்குச் சளைப்பதில்லை. இன்று பட்டறையில் மஞ்சள் வேண்டுமென்று கேட்டால், நீலத்தில் சாயம் கலந்து மஞ்சளாகவே கொடுப்பார்கள். நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துகொள்ளலாம்.

நம்பிக்கை: மைக்ரான் கூடினால் பாதுகாப்பு கூடும்

உண்மை: தகட்டுக்குச் சரி, திருகுக்கு ஆபத்து. வழக்கமான மெட்ரிக் திருகில் ஒவ்வொரு மைக்ரான் முலாமும் மரைவிட்டத்தை நாலு மைக்ரான் பருக்க வைக்கும். சாய்ந்த முகங்களின் வடிவக் கணக்கு அது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவான பொருத்தத்தில் விட்டு வைத்திருக்கும் இடைவெளி 28 மைக்ரான். நாலால் வகுத்தால் 7. அதற்கு மேல் கேட்டுவிட்டு, பிறகு நட்டு ஏறவில்லை என்று முலாம்காரரைத் திட்டுபவர்கள் உண்டு.

முலாம் எல்லா இடத்திலும் சமமாகவும் ஏறாது. மின்சாரம் முனைகளைத் தேடிப் போகும், பள்ளத்துக்குள் இறங்கத் தயங்கும். பெயின்ட் தலைகீழ். கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும். அதனால் 8 மைக்ரான் என்றால் எந்த இடத்தில் அளந்த 8 என்று கேட்க வேண்டும். பவுடர் கோட்டிங்கில் தடிமனைவிட அடியில் செய்யும் பாஸ்பேட்டிங்தான் விதியைத் தீர்மானிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எத்தனை மைக்ரான் அடித்தாலும், ஒரு கீறல் விழுந்ததும் துரு அடியில் புகுந்து பரவும். இதைப் பிடிக்கத்தான் பூச்சை இரும்பு தெரியும்வரை கீறிவிட்டுப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கடைசியில் கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். பவுடர் கோட்டிங்குக்கு மணியைவிட இந்த மில்லிமீட்டரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நம்பிக்கை: சால்ட் ஸ்ப்ரே பாஸ் என்றால் பாகம் பாஸ்

உண்மை: பெட்டிக்குள் இருட்டு. எபாக்ஸி பெயின்ட் உள்ளே ஆயிரம் மணி நேரம் அசையாமல் இருக்கும். அதையே நம் வெயிலில் நிறுத்தினால் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து உதிரும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேல்பூச்சு அதற்கு வேண்டும். புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் அடித்ததற்கு அந்தத் தாங்கும் தன்மையும் ஒரு காரணம்.

இதைவிடப் பயங்கரமான ஒன்று உண்டு. 12.9 வகுப்பு போல்ட்போல மிகக் கடினமான எஃகில் ஆசிட் கழுவலும் மின்முலாமும் ஹைட்ரஜனை உள்ளே செலுத்திவிடும். முலாம் ஏறியவுடன் சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூளையில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அதுவும் பாசிவேஷனுக்கு முன்பே. பழைய மஞ்சள் படலம் அந்தச் சூட்டில் வெடித்துக் கெட்டுவிடும். சூளையில் வைக்க மறந்த போல்ட் சால்ட் ஸ்ப்ரேயில் முதல் மதிப்பெண் வாங்கும். வண்டியில் முறுக்கி ஒன்றிரண்டு நாள் கழித்து, யாரும் தொடாமலே, தலை தனியாகத் தெறிக்கும். உடைந்த முகத்தில் துருவின் சுவடுகூட இருக்காது.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பாகம் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டேன்.

“கனடா சார். டொராண்டோ பக்கம். அங்கெல்லாம் கடலே இல்லை, குளிர் வேற. துருவெல்லாம் பெருசா இருக்காது.”

பனி உருகுவதற்காகக் கனடாவின் சாலைகளில் வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு கொட்டுகிறார்கள் என்றேன். ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவருடைய பழைய காரை ஜாக்கியில் தூக்கி, அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். வாடிக்கையாளரின் டிராயிங்கில் சுழற்சிச் சோதனை ஏதாவது எழுதியிருக்கிறதா, நன்றாகப் பாருங்கள் என்றும் சொன்னேன். போனில் காகிதம் புரளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“இருக்கு சார். மூணாவது பக்கத்துல, கீழே, சின்ன எழுத்துல.”